தெரியாத பாஷையில் ஒரு வாக்கு

பிரயாணத்துக்கு வேண்டிய துணிமணிகளைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்பே, வேண்டிய சொற்களை நோட்டுப் புத்தகத்தில் அடுக்கத் தொடங்கிவிட்டேன். இத்தாலிக்குப் பத்து நாள் பயணம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதைவிட அதிக வருஷங்கள் சேர்த்து வைத்த ஆசை. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காத எனக்கு, அந்நிய பாஷை என்றால் கொஞ்சம் பயம் உண்டு. பயம் இருக்கிற இடத்தில்தான் பெருமையும் ஒளிந்துகொண்டிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐம்பது வாக்கியங்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். தினம் காலையில் ஐந்து. "புவோன்ஜோர்னோ" என்றால் காலை வணக்கம். "க்ராட்ஸியே" என்றால் நன்றி. "க்வாந்தோ கோஸ்தா?" என்றால் என்ன விலை. காப்பி கலந்துகொண்டிருந்த என் மனைவி ஒரு வாரம் இந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டாள். எட்டாவது நாள் கேட்டாள்:

"கேள்வியெல்லாம் நல்லாப் படிச்சுட்டீங்க. அவங்க பதில் சொன்னா அதை யார் படிக்கிறது?"

நான் சிரித்துவிட்டு ஆறாவது வாக்கியத்துக்குப் போனேன். அந்தக் கேள்விக்கு அன்றே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

படிக்கப் படிக்க இத்தாலிய பாஷை என்னை மயக்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சொற்களில் பெரும்பாலானவை உயிரெழுத்தில் முடிகின்றன. சும்மா பேசினாலே பாடுவதுபோல் இருக்கிறது. நம் தெலுங்கைக் 'கிழக்கத்திய இத்தாலியன்' என்று சொல்வது ஏன் என்று அப்போது விளங்கியது. ஒற்றெழுத்தை அழுத்துவதும் விடுவதும் அங்கே அர்த்தத்தையே மாற்றிவிடும். "நோன்னோ" என்றால் தாத்தா. "நோனோ" என்றால் ஒன்பதாவது. "கப்பெல்லோ" என்றால் தொப்பி. "கபெல்லோ" என்றால் தலைமயிர். ஆங்கிலேயர்களுக்கு இது பெரும் தொல்லையாம். பாடுக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்த நமக்கு இது ஒரு தொல்லையா? உச்சரிப்பு எனக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. அதுதான் வினையாக முடிந்தது.

சொற்களுக்குள் எட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நண்பர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் "சாவ்" என்கிறார்கள். வெனிஸ் நகரத்துப் பேச்சில் 'உங்கள் அடிமை' என்று பணிவோடு சொன்ன சொல் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. நம் வைஷ்ணவப் பெரியவர்கள் ஒருவரையொருவர் கண்டதும் "அடியேன்" என்கிறார்களே, அதே கதைதான். விடைபெறும்போது "அர்ரிவெதேர்ச்சி" என்பார்கள். திரும்பச் சந்திக்கும் வரையில் என்று பொருள். "போகிறேன்" என்று சொல்லக் கூசி, "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லும் நமக்கு இதைவிட நெருக்கமான சொல் ஏது?

'வேண்டும்' என்பதற்கு "வோல்யோ" என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் கடையில் போய் அதைச் சொல்லக் கூடாது. "வொர்ரேய்" என்று சொல்ல வேண்டும். கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தயங்கிக் கேட்கும் பாவம் அதில் இருக்கிறது. "தண்ணீர் வேண்டும்" என்று கேட்காமல், "கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்று நாம் கேட்பதில்லையா? நம்முடைய 'தயவுசெய்து' அறிவிப்புப் பலகைகளிலும் மனுக்களிலும் வசிக்கிற சொல். வாய்ப்பேச்சில் அந்த வேலையைச் செய்வது 'கொஞ்சம்' என்ற சொல்தான். கொஞ்சம் நகருங்கள், கொஞ்சம் சொல்லுங்கள் என்கிறோம். கேட்பது முழுசாக இருந்தாலும் கொஞ்சமாகத்தான் கேட்போம்.

மரியாதைக்கு "லேயி" என்று ஒரு சொல். எதிரே நிற்பவரையே 'அவர்' என்று படர்க்கையில் தள்ளி வைத்துப் பேசுவது. முஸோலினியின் ஆட்சி 1938-இல், லேயி என்று சொல்லாதே, "வோயி" என்று சொல் என்று உத்தரவு போட்டது. ஆட்சி போயிற்று, லேயி திரும்பி வந்துவிட்டது. மரியாதையைச் சர்க்கார் உத்தரவால் மாற்ற முடியாது போலிருக்கிறது.

இப்படியெல்லாம் படித்துக்கொண்டு போன என்னிடம், ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் சரியான மரியாதை கிடைக்கவில்லை. "நோன் கபீஸ்கோ." புரியவில்லை என்று அர்த்தம். அதை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், நாற்பத்தொன்பதாவது வாக்கியமாக எழுதி வைத்தேன். எழுதும்போதே, இதைச் சொல்லும் நிலைமை நமக்கு வராது என்று ஒரு நினைப்பு. லத்தீனில் 'பிடித்தல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது அது. நாமும் விஷயம் புரியாவிட்டால் "பிடிபடவில்லை" என்றுதானே சொல்கிறோம்? இந்த ஒற்றுமையை வியந்தேனே தவிர, அந்த வாக்கியத்தை வாய்விட்டு ஒரு தரம்கூடச் சொல்லிப் பழகவில்லை.

இத்தாலியிலிருந்து நம் நாட்டுக்கு வந்து தமிழ் படித்த ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. வட இத்தாலியில் காஸ்தில்யோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த பெஸ்கி பாதிரியாரைத்தான் சொல்கிறேன். நமக்கு அவர் வீரமாமுனிவர். அவர் ஐம்பது வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டவர் அல்ல. தமிழுக்கே 'சதுரகராதி' என்று ஓர் அகராதி செய்து கொடுத்தார். தெரிந்ததாக நடிக்கும் அசடர்களை வைத்துப் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். அந்தக் குருவுக்குச் சீடர்கள் ஐந்து பேர். ஆறாவது சீடன் ஒருவன் இத்தாலிக்கே வந்து சேர்வான் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எம்போலி வழியாக ஒன்றரை மணி நேரப் பயணம். குளிருக்காக நான் போட்டிருந்தது கழுத்துவரை பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு. ஜன்னலோரத்தில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிரில் காலியிடம். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போதும், கூட்டத்தில் வழி கேட்கும்போதும் சொல்கிற "பெர்மெஸ்ஸோ" என்ற சொல்லைச் சொல்லி, ஒரு வினாடி நின்று, அந்த அம்மாள் "ப்ரேகோ" என்றதும் உட்கார்ந்தேன். "புவோன்ஜோர்னோ, ஸின்யோரா" என்றேன். அந்த ஊர்க்காரன் சொல்வதுபோலவே வந்துவிட்டது. அம்மாளின் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்திருக்க வேண்டும்.

அவள் பேச ஆரம்பித்தாள். "இந்தியானோ?" என்று கேட்டாள். இந்தியனா என்கிறாள். "ஸீ" என்றேன், ஆமாம் என்று பொருள். பிறகு "பாத்ரே?" என்று ஏதோ கேட்டாள். பாத்ரே என்றால் தகப்பன் என்று எனக்குத் தெரியும். குழந்தைகள் உண்டா என்று விசாரிக்கிறாள் என எடுத்துக்கொண்டேன். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாகிய நான் தலைநிமிர்ந்து "ஸீ, ஸீ" என்றேன்.

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. முதல் இரண்டு நிமிஷங்களில் நான் அங்கங்கே ஒரு சொல்லைப் பிடித்தேன். மூன்றாவது நிமிஷத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது கடைசிப் பக்கத்து வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சட்டைப்பையில் கைபேசி இருந்தது. எந்தப் பாஷையையும் எந்தப் பாஷையிலும் மாற்றித் தருகிற வசதி அதில் இருந்தது. அதையும் எடுக்கவில்லை. எடுத்தால் எனக்கு இத்தாலியன் தெரியாது என்பது தெரிந்துவிடுமே! இவ்வளவு அழகாக வணக்கம் சொன்ன மனுஷன் இப்போது போய் முழிப்பதா? பாட்டி கதைக்குப் பேரன் 'உம்' கொட்டுவதுபோல, அவள் மூச்சு வாங்கும் இடமெல்லாம் "ஸீ, ஸீ" என்று கொட்டிக்கொண்டிருந்தேன். இடையிடையே "செர்தோ" என்றும் சேர்த்துக்கொண்டேன். நிச்சயமாக என்று அர்த்தம். அலங்காரத்துக்காகப் படித்து வைத்திருந்த சொல் அது.

ஓரிடத்தில் அவள் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எதையோ கேட்டாள். அது கேள்வி என்பது குரலிலேயே தெரிந்தது. நான் சற்றுக் குனிந்து, "ஸீ, ஸின்யோரா. செர்தோ" என்றேன்.

வண்டி செர்தால்தோவில் நின்றது. மேலே மலையுச்சியில் செங்கல் நிறத்தில் பழைய ஊர் தெரிந்தது. பொக்காச்சியோ 1375-இல் காலமானது அந்த ஊரில்தான். 1348-ஆம் வருஷத்துக் கொள்ளை நோய்க்குப் பயந்து ஃப்ளாரன்ஸை விட்டு ஓடிய பத்துப் பேர், பத்து நாளில் நூறு கதைகள் சொன்னதாக 'டெகமெரான்' எழுதியவர். நான் கதை எழுதிப் பிழைப்பவன். ஊரைப் பார்க்கும் ஆவலில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அம்மாள் எழுந்தாள். மடித்த காகிதம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மூடினாள். "அர்ரிவெதேர்ச்சி" என்றாள். இறங்கிப் போய்விட்டாள். கதவு மூடி வண்டி நகர்ந்த பிறகு கையைத் திறந்து பார்த்தேன். பத்து யூரோ நோட்டு.

பக்கத்து வரிசையில் ஒரு மாணவி இருந்தாள், சியெனாவில் படிப்பவள். ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள்: "எந்தக் கோயிலில் பூசை வைக்கப் போகிறீர்கள்?"

நான் விழித்தேன். அவளும் விழித்தாள். பிறகு விஷயம் துண்டு துண்டாக வெளிவந்தது. இந்தியாவிலிருந்து வந்த பாதிரிமார்கள் இத்தாலியின் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்து அம்மாள் என்னையும் அப்படி நினைத்திருக்கிறாள். "பாத்ரே?" என்றதற்கு நானும் ஆமாம் என்றேன். அவளுடைய ஒரே மகன் அந்த வருஷம் வசந்த காலத்தில் இறந்துவிட்டான். கடைசியில் தாயும் பிள்ளையும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பாதிரியாரிடம் இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். வழியில் கண்ட அந்நியரிடம் சொல்லலாம் அல்லவா? அவனுடைய ஆத்மாவுக்காக ஒரு பூசை நடத்துவீர்களா என்று கேட்டாள். நிச்சயமாக என்றேன் நான். நோட்டு அதற்குக் காணிக்கை.

"நீங்கள் ஏன் குறுக்கே பேசவில்லை?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், ஏதோ குற்றம் அவளுடையது என்பதுபோல.

"உங்களுக்குப் புரிகிறது என்றல்லவா நினைத்தேன்! நீங்கள் அவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்" என்றாள்.

பாதிரி என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லே போர்த்துகீசியர் வாயிலிருந்து இந்தப் பாத்ரேதான் நமக்கு வந்து சேர்ந்தது. எத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த சங்கதி! வேண்டிய நேரத்தில் உதவவில்லை.

ஊர் திரும்பிய பிறகு இதை நண்பர்களிடம் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்டேன்: அந்த வாக்கு என்னைக் கட்டுப்படுத்துமா?

வக்கீல் நண்பர் உடனே விடுதலை கொடுத்தார். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டால்தான் அது சம்மதம். அவள் ஒன்றை நினைத்தாள், நான் ஒன்றையும் நினைக்கவில்லை. ஆகவே சம்மதமே இல்லை, வாக்கும் இல்லை என்றார். தமிழாசிரியராக இருக்கும் இன்னொரு நண்பர் வள்ளுவரை அழைத்து வந்தார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று அவர் சொல்லவில்லையா? அந்தத் தாய் ஆறுதலோடு வீட்டுக்குப் போனாள். அது போதாதா என்றார்.

இரண்டு தீர்ப்பும் எனக்குச் சாதகமானவை. ஆனாலும் இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

புரியாமல் சொன்னது குற்றமில்லை என்பது சரியே. ஒருவன் தவறாகப் புரிந்துகொண்டு ஆமாம் என்றால் அது பிழை; மன்னிக்கலாம். ஆனால் நான் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. எனக்குப் புரியவில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அதை மறைத்தேன். வாக்கை அவள் என்னிடமிருந்து தவறாக எடுத்துக்கொள்ளவில்லை; நான்தான் கையிலிருந்த கள்ள நாணயத்தைச் செலாவணி செய்தேன். வள்ளுவர் காட்டும் சலுகையும் எனக்குப் பொருந்தாது. நன்மையை உத்தேசித்துப் பொய் சொல்கிறவனுக்கு, தான் என்ன நன்மை செய்கிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நான் காப்பாற்றியது அவள் மனத்தை அல்ல, என் உச்சரிப்பை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பாஷையில் வணக்கம் சொல்வது வெறும் உபசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. வணக்கம் சொல்வது கதவைத் திறந்து வைப்பதுபோல. 'உள்ளே வரலாம், நான் கேட்கிறேன்' என்று அதற்கு அர்த்தம். திறந்த கதவை நம்பி ஒருத்தி தன் துக்கத்தையெல்லாம் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள். வீட்டில் யாரும் இல்லை.

இதெல்லாம் அந்நிய தேசத்தில் நடந்தது, பாஷை தெரியாததால் நேர்ந்தது என்று நானும் என்னைச் சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். என் தகப்பனாருடைய ஞாபகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

பக்கவாதம் வந்து அவருக்கு நாக்குக் குழறிப்போயிற்று. பேசியது தமிழ்தான்; என் தாய்மொழி, நான் எழுதிப் பிழைக்கும் பாஷை. ஆனால் பாதி புரியாது. சாயங்காலம் நான் பக்கத்தில் உட்காரும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்வார். "சரிப்பா, சரிப்பா" என்பேன். 'புரியல்லேப்பா, இன்னொரு தரம் சொல்லுங்க' என்று கேட்டால் அவர் மனம் புண்படும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத வேண்டிய தொடர்கதையின் அத்தியாயம் மேஜைமேல் காத்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் "சரிப்பா" என்றேன். மூன்றாவது தரம் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. என் கையை விட்டுவிட்டுத் தூங்கினார். இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாக்கை நான் காப்பாற்றினேனா, மீறினேனா? காப்பாற்ற ஆசைப்பட்டாலும் வழியில்லை. ஐம்பது வாக்கியங்களில் மிகவும் கஷ்டமானது எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கஷ்டம் நாக்கில் இல்லை. புரியவில்லை என்று சொல்ல இலக்கணம் வேண்டாம், உச்சரிப்பு வேண்டாம். கொஞ்சம் பெருமையை விட்டுக்கொடுத்தால் போதும். அந்தக் 'கொஞ்சம்'தான் நம்மிடமிருந்து லேசில் பெயராது.

ரயில் சியெனாவுக்குப் போவதற்குள் அந்த மாணவி, இறந்தவனுடைய பெயரை என் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அம்மாள் அதைப் பலமுறை சொன்னாளாம். எனக்கு அது பெயர் என்றே தெரிந்திருக்கவில்லை. அதை இங்கே எழுதவில்லை, அது என்னுடையதல்ல.

மறுநாள் காலை நான் தங்கியிருந்த தெருவில் இருந்த ஒரு சின்னக் கோயிலுக்குப் போனேன். வயதான பாதிரியார் ஒருவர் உள்ளறையில் இருந்தார். இந்தத் தடவை வணக்கத்துக்கு அடுத்த வாக்கியமாக, "நோன் பார்லோ இத்தாலியானோ" என்று சொல்லிவிட்டேன். எனக்கு இத்தாலியன் பேச வராது. அவர் புன்னகை செய்தார். "வொர்ரேய் உனா மெஸ்ஸா" என்றேன். ஒரு பூசை வேண்டும். நோட்டில் இருந்த பெயரைக் காட்டினேன். பத்து யூரோவை மேஜைமேல் வைத்தேன்.

அவர் ஏதோ கேட்டார். "நோன் கபீஸ்கோ" என்றேன். மறுபடி கேட்டார். "நோன் கபீஸ்கோ. ப்வோ ரிபேத்தெரே?" என்றேன்; புரியவில்லை, திரும்பச் சொல்ல முடியுமா? நாலைந்து தரம் இப்படி ஆயிற்று. அவர் சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தரமும் இன்னும் மெதுவாக, இன்னும் சின்னச் சொல்லாகக் கேட்டார். கடைசியில் ஒரே சொல்லாகச் சுருக்கினார்: "அமீகோ?"

இறந்தவர் உங்கள் சிநேகிதரா என்கிறார்.

கேள்வி புரிந்துவிட்டது. பதில் சொல்லத்தான் தெரியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. சிநேகிதனும் இல்லை, உறவினனும் இல்லை. அவனுடைய தாயின் துக்கத்தைக் கேட்டதாக நடித்தவன். தலையை அசைத்து, "நோ" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. பெரிய நோட்டில் பெயரை எழுதி, பக்கத்தில் தேதியையும் எழுதி எனக்குக் காட்டினார்.

பூசை நடந்திருக்கும். காணிக்கை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. அதனால் என் வாக்கு நிறைவேறிவிட்டதா என்றால், அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. அவள் கேட்டது பூசையை மட்டுமல்ல, தன் கதையைக் கேட்க ஒரு மனுஷனையும்தான். அதற்கு ஈடாக எந்தக் கோயிலிலும் காணிக்கை செலுத்த முடியாது.

இப்போதும் யாராவது இத்தாலிக்குப் புறப்பட்டால், நாலு வாக்கியம் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன். வணக்கம், நன்றி, என்ன விலை, ரயில் நிலையம் எங்கே எல்லாம் அதில் இருக்கும். ஆனால் முதல் வரியில் "நோன் கபீஸ்கோ" என்றுதான் எழுதுகிறேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எடுத்த எடுப்பிலேயே புரியவில்லை என்று சொல்லச் சொல்கிறீர்களே?" என்று சிரிப்பார்கள்.

ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு தரம் சொல்லிப் பாருங்கள் என்பேன். எந்தப் பாஷையில் சொன்னாலும் சரிதான்.